மாத்திரைக்கு முன் 3 நிமிடம்: கிருஷ்ணகிரி கல்குவாரித் தொழிலாளியின் தீராத வலி, மாத்திரைப் பழக்கம், போன்வழிக் கவனப் பயிற்சி – நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நோயாளி தனி ஒருவர் அல்ல. நாள்பட்ட இடுப்பு வலியும் ஓபியாய்டு (அபின் வகை) வலிமாத்திரைப் பழக்கமும் சேர்ந்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் கூறுகளை ஒன்றாக்கி, கற்பதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. மருந்தளவுகள் மருத்துவர் மேற்பார்வைக்கு உரியவை. படித்துவிட்டு வீட்டில் தாமே செய்து பார்க்க வேண்டாம்.

நோயாளி

வயது 41, ஆண். பர்கூர் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 17 ஆண்டுகள் கருங்கல் குவாரியிலும், பிறகு கிரானைட் பாலிஷ் பட்டறையிலும் வேலை. 9 ஆண்டுகளுக்கு முன் கடப்பாரையால் கல்லை நெம்பும்போது இடுப்பில் 'சுளீர்' என்று ஒரு பிடிப்பு. ஸ்கேனில் இடுப்பு முதுகெலும்பின் எல்4–எல்5 எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருந்தது. வலி இடது காலின் பின்பக்கமாக இறங்கும்.

அப்போது எழுதித் தரப்பட்டது ஓபியாய்டு வலிமாத்திரையான டிரமடால் 50 மிகி, காலை மாலை, 10 நாளுக்கு. அந்தச் சீட்டு பல மாதம் ஓடியது. 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்ததும் கடையில் வாங்குவது கடினமானது. அவருடைய பழக்கம் அதே வகை மாத்திரையான டேபென்டடாலுக்கு மாறியது. வந்து சேர்ந்த நாளில் 100 மிகி மாத்திரை தினம் 7, அதாவது 700 மிகி. வலிக்காகக் கொடுக்கும்போதுகூட ஒரு நாளின் உச்ச அளவு 600 மிகி. ஊசியாகப் போட்டதில்லை. சனிக்கிழமைகளில் மது உண்டு. 2 மாதம் முன்பு ஒரே நாளில் 9 மாத்திரை போட்ட இரவில் ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. கூட்டி வந்தது மனைவி.

அவர் சொன்ன முதல் வாக்கியமே நோயை விளக்கிவிட்டது: "வலிக்குத்தான் போடறேன் சார். விடியக்காலம் நாலு மணிக்கு வலி எழுப்பிடுது."

எதை முதலில் விலக்க வேண்டும்

பழக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் வலியை நம்பாமல் விடுவது பெரும் பிழை. இந்த மாவட்டங்களில் முதுகெலும்பு வலிக்குப் பின்னால் வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும். காய்ச்சல், எடை குறைவு, இரவில் மட்டும் கூடும் வலி என்றால் முதுகெலும்புக் காசநோயைத் தேட வேண்டும். பிட்டத்தின் நடுவே மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு, பாதம் தொய்வது ஆகியவை அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அறிகுறிகள்.

இன்னொன்று ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் அது மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு வந்ததே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல், எலும்பு கெடுவது) பாதிப்பைக் குறைக்கத்தான். பல்லில் மஞ்சள் பழுப்புக் கறை, முதுகு விறைப்பு, மூட்டு வலி மூன்றும் சேர்ந்தால் முன்கை எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வில் சுண்ணம் படிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இவருக்கு அது இல்லை. குவாரியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்த ஆள் என்பதால் பார்க்காமல் விட்டிருக்கவும் கூடாது.

நெஞ்சு எக்ஸ்ரேயில் இரு பக்க மேல்பகுதிகளிலும் சிறு முடிச்சுகள் தெரிந்தன. கல்தூசியால் வரும் சிலிகோசிஸ். படியேறினால் மூச்சு வாங்கும். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பதால் சளிப் பரிசோதனை செய்யப்பட்டது, காசம் இல்லை. இருந்திருந்தால் சிகிச்சையே சிக்கலாகியிருக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், அடுத்துச் சொல்லப்போகும் புப்ரெநார்ஃபின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும். இந்த நுரையீரல் விவரம் பின்னால் கவனப் பயிற்சியையே (அந்தந்த நேரத்து உடல் உணர்வை நிதானமாகக் கவனிக்கும் பயிற்சி) மாற்ற வைத்தது.

கல்லீரல் பரிசோதனை, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் சரி. சிறுநீரில் சாதாரண 'ஓபியேட்' சோதனைப் பட்டை இல்லை என்றே காட்டியது. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்தப் பட்டை மார்ஃபின் வகையைக் கண்டுபிடிப்பது. டேபென்டடாலோ டிரமடாலோ அதில் தெரியாது.

நாலு மணி வலி

டேபென்டடால் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 மணி நேரம் போதும். இரவு 9 மணிக்குப் போட்டது விடியற்காலையில் வடிந்துவிடும். அப்போது இவருக்கு இடுப்பு வலியோடு கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சு, கால் குடைச்சல், வயிற்றுக் கலக்கம் எல்லாம் வரும். அத்தனைக்கும் அவர் வைத்திருக்கும் ஒரே பெயர் 'வலி'. மாத்திரை போட்ட அரை மணியில் எல்லாம் அடங்குவதால், வலிக்குத்தான் மாத்திரை என்ற நம்பிக்கை நாளுக்கு 7 முறை உறுதிப்பட்டுக்கொண்டே இருந்தது.

இதன் மேல் இன்னொன்று. நெடுங்காலம் ஓபியாய்டு எடுக்கும் உடலில் நரம்புகள் கூடுதல் கூர்மை அடைந்து, முன்பு வலிக்காத தொடுதலும் வலிக்கத் தொடங்கும். மாத்திரையே வலியைக் கூட்டுகிறது. நோயாளியிடம் இதை முதல் நாளே சொன்னால் 'வலியே இல்லை என்கிறார்கள்' என்று புரிந்துகொள்வார். வலி உண்மை, குடைச்சலும் உண்மை, இரண்டும் வேறு என்பதை அவரே கண்டுபிடிக்கும்படி செய்வதுதான் வேலை. போன் உதவியது அதற்குத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மருந்து

கவனப் பயிற்சி மருந்துக்கு மாற்று அல்ல. இதில் நெகிழ்வு கூடாது. ஓபியாய்டு சார்புநிலைக்கு உயிர்காக்கும் சிகிச்சை புப்ரெநார்ஃபின் போன்ற மருந்துதான். அதை நிறுத்திவிட்டு மூச்சைக் கவனி என்று அனுப்பப்பட்டவர், உடலின் தாங்கும் திறன் குறைந்த நிலையில் பழைய அளவைப் போட்டு மூச்சு நின்று இறக்கக்கூடும்.

கடைசி டேபென்டடால் முதல் நாள் இரவு 8 மணி. மறுநாள் காலை 10 மணிக்கு, 14 மணி நேரம் கழித்து, விலகல் அறிகுறிகளை (பழகிய மருந்து வடியும்போது வரும் உடல் தொல்லைகளை) அளக்கும் 'கௌஸ்' மதிப்பெண் 13. அதன்பிறகே புப்ரெநார்ஃபின்–நலோக்சோன் கூட்டு மாத்திரை 2 மிகி நாக்கின் அடியில் வைக்கப்பட்டது. அவசரப்பட்டுச் சீக்கிரம் வைத்தால், ஏற்பிகளில் (மூளையில் மருந்து ஒட்டும் இடங்களில்) இருக்கும் பழைய மருந்தை அது தள்ளிவிட்டு உட்காரும். முழு விலகலும் ஒரே அடியாக வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் மதிப்பெண் 9. மீண்டும் 2 மிகி. மாலை 2 மிகி. மறுநாள் 8 மிகி. ஒரு வாரத்தில் 12 மிகியில் நிலைத்தது.

அந்த 12 மிகியை ஒரே வேளையில் கொடுக்கவில்லை. 4 மிகியாக மூன்று வேளை. புப்ரெநார்ஃபின் தேட்டத்தை, அதாவது உடம்பு மாத்திரை கேட்பதை, ஒரு நாள் முழுக்க அடக்கும். ஆனால் வலியை அடக்குவது 6 முதல் 8 மணி நேரம்தான். வலியும் பழக்கமும் சேர்ந்தவருக்கு ஒரு வேளையாகக் கொடுத்துவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு.

நரம்பு வலிக்குத் தரும் பிரெகாபலின் தவிர்க்கப்பட்டது. அதுவும் பழக்கமாகக் கூடியது, புப்ரெநார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும். வலிப்பு வரலாறு இருந்ததால், நாள்பட்ட வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் டுலாக்செடினும் முதல் மாதம் ஒதுக்கப்பட்டது. மதுவை முற்றாக விடச் சொல்லப்பட்டது. இங்கே 'கொஞ்சம்' என்ற பேச்சே இல்லை. முதல் 10 நாள் மாத்திரை மனைவியின் பொறுப்பில். உதடு நீலம், கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்குதல், எழுப்பினால் எழாமை, குறட்டை போன்ற தடைப்பட்ட மூச்சு இவற்றைக் கண்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும் என்று மனைவிக்குச் செய்தே காட்டப்பட்டது.

போனில் வைத்தது

முதலில் பயன்படுத்தியது ஆயத்தமாகக் கிடைத்த ஓர் இலவசச் செயலி; வலி, தேட்டம் இரண்டின் எண்களும் அப்போதும் குரல்பதிவாகவே வந்தன. 5 வாரம் ஓடி, நின்றுபோனது. ஏன் என்பது பின்னால். அதன்பின் தனிச் செயலி இல்லாமலே நடத்தப்பட்டது: ஐந்து ஒலிப்பதிவுகள், போனிலேயே உள்ள அலாரம், வாட்ஸப் குரல்பதிவு. பதிவுகளின் நீளம் ஒன்றரை, 3, 5, 12, 15 நிமிடங்கள். ஒற்றை ஒலித்தடம், 32 கேபிபிஎஸ். ஐந்தும் சேர்ந்து 9 எம்பிக்குள். போனில் நேரடியாக ஏற்றிவிட்டால் டேட்டா தீர்ந்தாலும், மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும்.

நாளில் மூன்று வேளை மருந்து, மூன்று அலாரம். அலாரம் அடித்ததும் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு 3 நிமிடப் பதிவு. அதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்:

முதல் 40 வினாடி: இரண்டு பாதமும் தரையில். குதிகால், விரல்நுனி, தரையின் சூடு அல்லது குளிர்ச்சி.

அடுத்த 60 வினாடி: வலி எங்கே? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஓரம் எது? உள்ளே இருப்பது எரிச்சலா, இறுக்கமா, குத்தலா, மரமரப்பா? 'வலி' என்ற சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லால் சொல்.

அடுத்த 40 வினாடி: வலியே இல்லாத ஓர் இடம். காதுமடல், உள்ளங்கை எதுவானாலும் சரி. கவனத்தை அங்கே கொண்டுபோ. பிறகு வலி உள்ள இடத்தையும் வலி இல்லாத இடத்தையும் ஒரே நேரத்தில் உணர்ந்து பார்.

கடைசி 40 வினாடி: இரண்டு கேள்வி. வலி பத்துக்கு எத்தனை? உடம்பு மாத்திரை கேட்பது பத்துக்கு எத்தனை?

இரு எண்களையும் குரலில் சொல்லி அனுப்பிவிட்டு, நேரத்துக்கு உரிய மாத்திரையை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் அந்த வேளை மருந்து உண்டு. பயிற்சி செய்து மாத்திரையைத் 'தள்ளிப்போட' முயல்வதை இரண்டாம் நாளே தடுக்க வேண்டியிருந்தது. விரதம்போல நினைத்துக்கொண்டு மதிய வேளையைத் தவிர்த்தார். மாலையில் குடைச்சல் வந்தது.

மாத்திரை கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை பேசக் கூடாது, எச்சிலை விழுங்கக் கூடாது, தண்ணீர் கூடாது. அந்த மௌன நேரத்துக்கு 5 நிமிடப் பதிவு பொருந்தியது: சுற்றிலும் கேட்கும் ஓசைகளை ஒவ்வொன்றாகக் கேட்பது, வேறொன்றும் இல்லை. கரைந்தபின் வாய் கொப்பளித்து, பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இல்லையேல் பல் கெடும்.

12 நிமிடப் பதிவு மகிழ்ச்சிக்கானது. பலர் இதை அலங்காரம் என்று ஒதுக்குகிறார்கள். எங்கள் கணிப்பில் பயிற்சியின் பாதிப் பயன் இதுதான். ஓபியாய்டு மூளைக்குச் சாதாரண இன்பங்கள் மங்கிப்போகும். மாத்திரை மட்டுமே சுவைக்கும். ஆகவே இவருக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டே பயிற்சி: மதியச் சாப்பாட்டின் முதல் மூன்று உருண்டை ராகிக் களி. உருட்டும்போது விரலில் படும் சூடு, கீரைக் கடைசலின் பூண்டு வாசம், விழுங்கும்போது தொண்டையில் வழுக்கும் உணர்வு. பதிவின் பெரும்பகுதி அமைதிதான்.

ஒன்றரை நிமிடப் பதிவு திடீர்த் தேட்டத்துக்கு. 15 நிமிடப் பதிவு இரவில், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தபடி கேட்க.

இம்முறை புதிதாக முளைத்தது அல்ல. அமெரிக்காவில் எரிக் கார்லண்ட் உருவாக்கிய 'மோர்' என்ற 8 வாரத் திட்டத்தில் வலியைக் கூறுகளாகப் பிரிப்பது, எண்ணத்தை மறுபார்வை பார்ப்பது, இன்பத்தைச் சுவைப்பது மூன்றும் உண்டு. ஓபியாய்டு எடுக்கும் முன் 3 நிமிடம் நிதானிப்பதும் அதிலிருந்தே வந்தது. நாள்பட்ட வலியும் மாத்திரை முறைகேடும் உள்ள 250 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், 9 மாத முடிவில் முறைகேட்டை விட்டவர்கள் மோர் குழுவில் சுமார் 45%, ஆதரவுக் குழுவில் சுமார் 24%. அது நேரில் குழுவாக நடந்த பயிற்சி. ஓபியாய்டு பழக்கத்துக்கான இன்னொரு மருந்தான மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்த 154 பேருக்குத் தொலைவழியில் நடத்திய பின்னைய ஆய்விலும் மீண்டும் போதைப்பொருளுக்குத் திரும்புவது குறைந்தது. இரண்டிலும் பயிற்றுநர் ஒருவர் நேரடியாகப் பேசினார். வெறும் ஒலிப்பதிவுக்கு அதே பலன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் வாரம் இருமுறை 10 நிமிடம் ஆலோசகர் அழைத்துப் பேசுவது இங்கே கட்டாயமாக வைக்கப்பட்டது.

எங்கே பிசகியது

மூச்சு. ஆயத்தச் செயலி 'மூச்சைக் கவனி' என்றே தொடங்கியது. கல்தூசி நுரையீரல்காரர் மூச்சைக் கவனித்தால் தெரிவது மூச்சுத்திணறல்தான். மூன்றாம் நாள் படபடத்து எழுந்துவிட்டார். கவனத்தின் இருப்பிடம் பாதத்துக்கு மாறியது இதனால். குவாரி, பாலிஷ் பட்டறை, பஞ்சாலை ஆட்களிடம் மூச்சில் தொடங்காமல் இருப்பதே நல்லது.

சொல். தேட்டத்தை அந்தச் செயலி 'இழுப்பு' என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கம் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு, அல்லது வலிப்பு. வலிப்பு வந்துபோன ஒருவரிடம் "இன்று இழுப்பு வந்ததா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? தினமும் 'இல்லை' என்று அழுத்தினார். நாலைந்து நாள் தேட்டமே இல்லை என்று பதிவானது. 'உடம்பு கேட்குதா' என்று மாற்றிக் கேட்ட அன்றே 8 என்றார். பயிற்சியின் பெயரிலும் இதே சங்கடம். 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற ஆங்கிலப் பெயரை எந்திர மொழிபெயர்ப்பு 'நினைவாற்றல்' என்கிறது. நோயாளிகள் ஞாபக சக்திக்கான பாடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'தியானம்' என்றால் நம் மதத்துக்கு ஆகாது என்று சிலர் ஒதுங்குகிறார்கள். 'நிதானப் பயிற்சி' என்பது யாரையும் விலக்கவில்லை.

அமைதி. பதிவில் 30 வினாடி பேச்சில்லாமல் போனால் போன் நின்றுவிட்டது என்று எடுத்துப் பார்ப்பார். 20 வினாடிக்கு ஒருமுறை ஒரு மெல்லிய மணி சேர்த்ததும் அது சரியானது.

அறிவிப்பு. குறைந்த விலை போன்களில் பேட்டரி சேமிப்பு, பின்னணியில் இருக்கும் செயலிகளை உறங்க வைத்துவிடும், நினைவூட்டல் வராது. போனின் சொந்தக் கடிகார அலாரம் அப்படி நிற்பதில்லை. அலாரத்தின் பெயர் 'தண்ணி மோட்டார்' என்று வைக்கப்பட்டது. மகன் விளையாட எடுக்கும் போனில் 'மாத்திரை நேரம்' என்று ஒளிரக் கூடாது. குரல்பதிவுகள் அன்றே ஆலோசகரின் கோப்பில் எண்ணாக எழுதப்பட்டு இரு பக்கமும் அழிக்கப்பட்டன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் இரகசியத்தைக் காக்கிறது. இதைச் சொன்ன பிறகே போலீஸ் பார்ப்பார்களோ என்ற பயம் தணிந்தது. அதற்கு முன், முதல் சில நாள் அவர் அனுப்பிய எண்கள் எல்லாம் 2, 3 என்றே இருந்தன.

இரவு. 9 மணிக்கு மேல் வரும் குரல்பதிவை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது முதல் நாளே சொல்லப்பட்டது. போன் உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம்: 108, மனநல உதவி 14416, போதை மீட்பு உதவி 14446.

ஐந்தாம் வாரம்

மாங்காய்ப் பருவம். கூழ் தொழிற்சாலைக்குப் போகும் லாரிகளில் பெங்களூரா மாங்காய்ப் பெட்டி ஏற்றும் கூலி நல்ல கூலி. வலி குறைந்திருந்த உற்சாகத்தில் இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. தெரிந்தவர் கொடுத்த டேபென்டடால் 4 போட்டார். புப்ரெநார்ஃபின் ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எதிர்பார்த்த சுகம் இல்லை. மறுநாள் இன்னும் 3. இந்த இடம் ஆபத்தானது: 'ஏறவில்லை' என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

அதே நாளில் செயலி 'உங்கள் 33 நாள் தொடர்ச்சி அறுந்தது, மீண்டும் 1' என்று காட்டியது. அதை அழித்துவிட்டார். அடுத்த சந்திப்புக்கும் வரவில்லை. தொடர்ச்சிக் கணக்கு நடைப்பயிற்சிக்கு நன்றாக இருக்கலாம். பழக்கத்திலிருந்து மீள்பவருக்கு அது சறுக்கிய நாளில் கதவைச் சாத்துகிறது. அவரைத் திரும்பக் கொண்டுவந்தது எந்தச் செயலியும் அல்ல. 2021 ஆகஸ்ட் 5இல் இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி, மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்காக வீட்டுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலரிடம் மனைவி சொன்னார். "அக்கா, அவரு மூணு நாளா போனையே தொடல." மறுநாள் ஆலோசகர் அழைத்தார்.

கண்டிப்பு எதுவும் இல்லை. மருந்து அதே அளவில் தொடர்ந்தது. கோப்பில் எழுதிய எண்களை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: பெட்டி ஏற்றிய முதல் நாள் மாலையில் வலி 8, உடம்பு கேட்பது 3. மறுநாள் மாலை வலி 8, கேட்பது 9. முதல் மாலையே வெந்நீர் ஒத்தடம், பாராசிட்டமால், ஒரு நாள் ஓய்வு என்று போயிருந்தால் அடுத்தது வந்திருக்காது. அதன்பின் ஆலோசகருக்கு எளிய விதி வகுக்கப்பட்டது. வலி மட்டும் 7க்கு மேல் என்றால் அன்றே இயன்முறை ஆலோசனை. கேட்பது மட்டும் 7க்கு மேல் என்றால் ஒன்றரை நிமிடப் பதிவு, ஒரு மணி நேரத்தில் அழைப்பு. இரண்டும் மேலே என்றால் மறுநாள் நேரில். சிரமமில்லாத நாளிலும் வேலைக்கு எல்லை உண்டு: நடை 6 நிமிடத்தில் தொடங்கி இரண்டு நாளுக்கு 1 நிமிடம் கூட்டுவது, வலி இல்லை என்பதற்காகத் தாண்டாமல்.

நிலை

வலி, வாழ்வின் சுவை, அன்றாட இயக்கம் மூன்றையும் 0–10இல் கேட்டுச் சராசரி எடுக்கும் 'பெக்' அளவை: தொடக்கத்தில் 8.3, நான்காம் வாரம் 7, பன்னிரண்டாம் வாரம் 5.3, ஐந்தாம் மாதம் 5. 30% குறைந்தால் நோயாளிக்கு உணரத்தக்க மாற்றம் என்று கொள்வது வழக்கம். வலியின் எண் மட்டும் 8இலிருந்து 6க்குத்தான் இறங்கியது. மற்ற இரண்டும் கூடுதலாக இறங்கின. நடை 35 நிமிடம். வெளி மாத்திரை ஐந்தாம் வாரத்து இரண்டு நாள் தவிர இல்லை. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று ஒற்றை நிகழ்விலிருந்து பிரிக்க முடியாது. பெரும்பங்கு மருந்துக்கே என்று கொள்வது நேர்மை.

குரல்பதிவுகளில் மாறியது வேறொன்று. முதல் வாரங்களில் இரு எண்களும் பெரும்பாலும் ஒட்டிப் பிறந்தவைபோல் வந்தன: 8, 8, 7, 7. ஏழாம் வாரத்திலிருந்து நிலையாகப் பிரிந்தன. பதினோராம் வாரத்தில் விடியற்காலைப் பதிவு ஒன்றில் அவர் எண்ணோடு இரண்டு சொல் சேர்த்திருந்தார்: "வலி அஞ்சு. கேக்கறது ஒண்ணு. இது இடுப்புதான்."

புப்ரெநார்ஃபின் அளவைக் குறைக்கும் முயற்சி இன்னும் தொடங்கப்படவில்லை. அடுத்த மாங்காய்ப் பருவம் முடியும்வரை தொடங்கும் எண்ணமும் இல்லை. நுரையீரலுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனை. பட்டறையில் தண்ணீர் பீய்ச்சி அறுக்கும் பிரிவுக்கு மாற்றம் கேட்டு மேஸ்திரியிடம் பேச வேண்டியிருக்கிறது.